கேட்காமல் எழுதிய நான்கு பக்கங்கள்

1

லியோனுக்குத் தெற்கே உள்ள இந்தச் சிறிய ஊரில் எனக்குக் கடிதம் போடுகிறவர்கள் இப்போது மூன்று பேர்தான்: வரி அலுவலகம், மருத்துவக் காப்பீடு, பல் மருத்துவர். மனைவி போய் ஆறு வருடமாகிறது. காலையில் ரொட்டிக் கடை, பிறகு மாத்திரை, பிறகு ஆற்றோரம் ஒரு நடை, திரும்பி வந்து தபால்பெட்டி. இதுதான் என் நாள். சென்ற அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டியில் நான்காவதாக ஒருவரின் உறை கிடந்தது. நான் படித்த பல்கலைக்கழகத்தின் நூலகம்.

பழைய முனைவர் பட்ட ஆய்வேடுகளை இணையத்தில் ஏற்றுகிறார்களாம். யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் படிக்கலாம். ஆசிரியர் உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். படிவம் இணைத்திருந்தார்கள். சம்மதம், சம்மதமில்லை என்று இரண்டு கட்டங்கள். சம்மதமில்லை என்றால் காரணம் எழுத மூன்று வரி.

நான் எதில் ஆராய்ச்சி செய்தேன் என்று ஊரில் யாருக்கும் சொன்னதில்லை. "நீங்க எதுல டாக்டரு?" என்று கேட்டால் "மனோதத்துவம்" என்று நிறுத்திக்கொள்வேன். பெண் பார்க்கப் போனபோது மாமனாரிடமும் அதையேதான் சொன்னேன். இன்று எழுபத்து நான்கு வயதில் மறைக்க ஒன்றுமில்லை. மனிதர் விலங்குகளோடு பாலுறவு கொள்வதைப் பிறழ்ந்த பாலியல் நடத்தையாக வைத்து ஆராய்ந்தது என் ஏடு. அருவருப்பாக இருக்கும். அருவருப்பானதையும் யாராவது படிக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அதில் சிக்கியவனுக்கும் வழி கிடைக்காது, அதற்கு ஆளான விலங்குக்கும் காப்பு கிடைக்காது. இந்த விளக்கம் இன்றும் சரியென்றே நினைக்கிறேன். தலைப்புக்காக நான் வெட்கப்படவில்லை. அதில் நான்கு பக்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

என் பேராசிரியர் நல்லவர். கறாரானவரும்கூட. மருத்துவமனைக் கோப்புகளிலிருந்து நான் எடுத்த நோயாளி நேர்வுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்று ஒருநாள் சொன்னார். "உங்கள் நாட்டுக் கிராமத்திலிருந்து ஒன்று கிடைத்தால் இந்த ஏட்டுக்கு எடை கூடும்." எடை என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கோடையில், காரைக்கால் பக்கம் என் ஊரான சுரக்குடிக்கு விடுமுறையில் வந்தபோது, பெட்டியில் அம்மாவுக்கு வாங்கிய கம்பளிச் சால்வைக்குக் கீழே இரண்டு புதுக் குறிப்பேடுகள் வைத்திருந்தேன்.

கலியபெருமாள் அண்ணன் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். (பெயர் மாற்றியிருக்கிறேன்.) என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டார், இரண்டு மா நிலம், குத்தகைக்குக் கொஞ்சம். ஊரில் அவரைப் பற்றி இரண்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும். சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறு நடந்துபோய் எண்ணெய் வைத்துக் குளத்தில் முழுகிவிட்டு வருவார். மற்றவர்கள் ஏழரைச் சனிக்கு ஒருமுறை செய்வதை இவர் வாராவாரம் செய்தார். "சனி பகவானே இவனப் பாத்தா, போதும்டா போடான்னு சொல்லுவாரு" என்று கேலி பேசுவார்கள். இன்னொன்று, அவர் பால் சாப்பிடமாட்டார். டீக்கடையில் அவருக்கென்று பால் விடாத டீ.

அந்தச் சனிக்கிழமை நானும் அவரோடு நடந்தேன். வெயிலுக்கு முன் கிளம்பிவிட்டோம். இரண்டு பக்கமும் குறுவை நாற்று. பாதி வழியில் அவராகவே கேட்டார்.

"நீ மனசுக்குத்தான படிக்கிற தம்பி?"

"ஆமாண்ணே."

"அப்ப ஒன்னு கேக்குறேன். யாருகிட்டயும் கேட்டதில்ல."

பிறகு சொன்னார். நின்று சொல்லவில்லை, நடந்துகொண்டே, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதல் கல்யாணம் ஆன வருடமே அந்தப் பெண் தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பி வரவேயில்லை. தனியாகக் கிடந்த அந்த நாட்களில், இருபத்து நான்கு வயதில், தொழுவத்தில் ஒரு தப்பு நடந்தது. அவர் சொன்னது "செய்யக்கூடாதத செஞ்சுட்டேன்" என்ற இரண்டே சொல். வேறு எப்படியும் அவர் சொல்லவில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை. பிறகு நிறுத்திவிட்டார். மறுகல்யாணம் ஆகி, செல்வி என்று ஒரு பெண்குழந்தையும் இருந்தது.

"இது சீக்கா தம்பி? மருந்து இருக்கா? எம்புள்ளைக்கு எதாவது வந்துருமா?"

ஒரு மனிதன் பத்து வருடம் சுமந்ததை என் கையில் வைத்திருக்கிறான். நான் என்ன கேட்டேன் தெரியுமா?

"எத்தனை தடவைண்ணே?"

அவர் சொன்னார். நான் மனதில் குறித்துக்கொண்டேன். திருநள்ளாறு வந்துவிட்டது. அவர் முழுகப் போனார். நான் படியில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன்.

3

மகள் மீனா மாதம் ஒருமுறை வருவாள். என் இணைய வேலைகளை எல்லாம் அவள்தான் செய்துகொடுப்பாள். நூலகம் சரிபார்க்க அனுப்பிய பிரதியைத் திரையில் திறந்தவள், திறந்தபடியே படிக்க ஆரம்பித்துவிட்டாள். என் ஏட்டை அவள் படித்தது அதுதான் முதல்முறை. நான் சமையலறையில் வெங்காயம் நறுக்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

மீனாவின் தமிழில் மரியாதைப் பன்மை கிடையாது. பெற்றவன், பெரியவர், கோயில் குருக்கள் எல்லோரும் 'நீ'தான். திருத்தித் திருத்தி அவள் அம்மாவே விட்டுவிட்டாள்.

"அப்பா, இந்த நாலு பக்கம். இந்த ஆளு நம்ம ஊரா?"

"ம்."

"நீ எழுதப்போறன்னு அவனுக்குத் தெரியுமா?"

"அந்தக் காலத்துல அதெல்லாம்..."

"அந்தக் காலத்துலயும் இங்க ஃபாரம் இருந்திச்சி. மத்த கேஸ் எல்லாத்துலயும் கையெழுத்து வாங்கினேன்னு நீயே முன்னுரையில எழுதியிருக்க. இவனுக்கு மட்டும் இல்ல." அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "அவன் உன்னை டாக்டர்னு நெனைச்சுக் கேட்டானா, அண்ணன் தம்பின்னு நெனைச்சுக் கேட்டானா?"

"தம்பின்னு."

"அலோர்" என்றாள். பிரெஞ்சில் அந்த ஒரு சொல்லுக்கு 'அப்புறம் என்ன' என்றும் பொருள், 'அவ்வளவுதான்' என்றும் பொருள். அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்கு விளங்கிவிட்டது. "இங்க படி. பால் குடிக்காதது ஒரு நோய்க்குறி. குளத்துல குளிக்கிறது ஒரு நோய்க்குறி. அப்பா, அந்த ஆளு வருத்தப்பட்டிருக்கான். அவ்ளோதான். அதுக்கு நீ லத்தீன்ல பேரு வச்சிருக்க."

என் மகளுக்குத் தமிழ் போய்விட்டது என்று முப்பது வருடம் குறைப்பட்டிருக்கிறேன். கலியபெருமாள் அண்ணனை நான் படித்ததைவிட அவள் சரியாகப் படித்தாள்.

மீதியை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன்.

4

ஏட்டில் அவர் பெயரை மாற்றினேன். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. சனிக்கிழமைக் குளியலும் பாலில்லாத டீயும் அப்படியே இருந்தன. அவைதான் பேராசிரியருக்கு மிகவும் பிடித்திருந்தன. பிரெஞ்சில் இருக்கிறது, யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். தஞ்சாவூர்க்காரன் ஒருவன் இப்படி நினைத்திருந்தால் தப்பித்திருப்பான். காரைக்கால்காரன் நினைக்கலாமா? எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் ஊருக்கு ஒருவராவது உண்டு. பிரான்சிலிருந்து வரும் எந்தக் காகிதமும் அவர்கள் கைக்குப் போய்த்தான் வீடு திரும்பும்.

பட்டம் வாங்கிய பெருமையில் அச்சடித்த பிரதி ஒன்றை அப்பாவுக்கு அனுப்பினேன். அதை அனுப்பியதுதான் என் மடத்தனத்தின் உச்சம். அப்பாவுக்கு அந்த மொழி எழுத்துக்கூட்டத்தான் தெரியும். மகன் எழுதிய புத்தகம் என்று டீக்கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். அங்கே எங்கள் ஊர் சொல்தா இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, புரட்டி, இந்தியா என்ற சொல் கண்ணில் பட்ட இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

அந்தக் கூட்டத்தில் கலியபெருமாள் அண்ணனும் இருந்தார். தம்பி எழுதியது என்று ஆசையாகக் கேட்க முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாராம், கையில் அவருடைய டீயோடு.

பாதியில் சொல்தாவின் குரல் மெதுவாயிற்று. ஆனால் நிற்கவில்லை, பட்டாளத்துக்காரருக்கு ஆரம்பித்ததை முடித்துத்தான் பழக்கம். முடிந்ததும் அண்ணன் டம்ளரைக் கழுவும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்து "வரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அப்பாவின் கடிதம் எனக்கு இரண்டு வரிதான் வந்தது. "நீ அனுப்பிய புத்தகம் கிடைத்தது, படித்தார்கள். இனி எதையும் அனுப்ப வேண்டாம்." விவரம் எல்லாம் அடுத்த விடுமுறையில் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னதுதான். அதற்குள் அண்ணன் நிலத்தை விட்டுவிட்டு, மனைவியின் ஊரான போலகத்துக்குப் போய்விட்டிருந்தார். பட்டப்பெயர் மட்டும் சுரக்குடியில் மிஞ்சியிருந்தது. அதை நான் எழுதமாட்டேன்.

போலகம் எவ்வளவு தூரம்? காரைக்காலில் பஸ் ஏறினால் சினிமாப் பாட்டு இரண்டு கேட்பதற்குள் பட்டினம் என்ற ஊர், அங்கிருந்து கொஞ்சம். இத்தனை வருடத்தில் பதினோரு முறை ஊருக்கு வந்திருக்கிறேன். கடல் தாண்டி வந்தவன், அந்தத் தூரத்தைத் தாண்டவில்லை. வெயில் என்றேன், மழை என்றேன், கல்யாண வேலை என்றேன். அந்த ஏட்டினால் கிடைத்த வேலையில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்து மற்றவர்களின் குற்ற உணர்வுக்கு வைத்தியம் பார்த்தேன்.

5

ஜனவரியில் போலகத்துக்குப் போனேன். படிவத்தையும் அந்த நான்கு பக்கங்களின் பிரதியையும் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தேன். கட்டத்தில் குறியிடுவது என் உரிமை என்று அச்சிட்டிருந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

வாசலில் ஒரு பெண்மணி உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயரைச் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"பிரான்சா?"

"ஆமாம்மா. நீங்க செல்வியா?"

"ஆமா. உள்ள வாங்க. புஸ்தகம் எழுதுறவங்கள வாசல்ல நிக்க வைக்கலாமா? நாங்க இன்னும் எழுதாம பாக்கி இருக்கோமுல்ல, நானு, எம்பொண்ணு, ஆடு ரெண்டு."

"செல்வி" என்று உள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது.

"சும்மா இருங்கப்பா. நாப்பது வருஷமா நீங்க சும்மா இருந்தீங்கல்ல, எனக்கும் சேத்து அது போதும்."

கலியபெருமாள் அண்ணன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உடம்பு வற்றியிருந்தது. கண் மட்டும் அதே கண். "வா தம்பி" என்றார், நேற்றுப் போய் இன்று வந்தவனைக் கூப்பிடுவதுபோல. "தல பூரா வெளுத்துட்டே. அங்க குளிரு ஜாஸ்தியோ?"

கும்பிட்டேன். படிவத்தை எடுத்து விஷயத்தைச் சொன்னேன். நான் எழுதிய பக்கங்களை இனி உலகமே படிக்கும்படி வைக்கப் போகிறார்கள், நீங்கள் என்ன சொல்கிறீர்களோ அதைத்தான் எழுதுவேன் என்றேன்.

"இதுல என்ன கேள்வி?" என்றாள் செல்வி. "வேண்டாம்னு எழுதுங்க. எம்பொண்ணு காலேஜ்ல படிக்கிது. அந்த போன்ல தேடாதது ஒன்னு பாக்கி இல்ல."

"பேத்திக்குத் தெரியும் தம்பி" என்றார் அண்ணன். "இவளுக்கும் தெரியும். கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளைக்கும் நானே சொன்னேன். ஊரு சொல்லி அவங்க காதுல விழறத்துக்கு நானே சொல்லிட்டா தேவலன்னு." கொஞ்சநேரம் என் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தார். "என்னதான் எழுதியிருக்க? சொல்தா சொன்னதுதான் கேட்டேன். நீ படி."

படித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழாக்கிச் சொல்லவேண்டும். பிரெஞ்சில் எவ்வளவு ஒழுங்காக நின்ற வாக்கியங்கள்! 'ஆய்வுக்கு உட்பட்டவர்' என்று ஆரம்பித்தேன், எதிரே உட்கார்ந்திருப்பவரை அப்படிச் சொல்ல முடியாமல் 'நீங்க' என்று மாற்றினேன். 'பதிலிப் பொருள்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

"ஏன் நிறுத்திட்ட?"

"இந்த எடத்துல பசுவ... அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"பொருளுன்னா?"

"ஒரு ஆளுக்குப் பதிலா இருந்த சாமான்னு அர்த்தம்."

அண்ணன் முகம் அப்போதுதான் மாறியது. அவரைப் பற்றி எழுதிய எதற்கும் மாறாத முகம்.

"செவலை சாமானா?"

நான் தலை குனிந்தேன்.

"அது என்னாச்சுன்னு நீ கேக்கவே இல்லியே தம்பி. அன்னக்கி ரோட்டுல எத்தனை தடவைன்னு கேட்ட. அது என்னாச்சுன்னு கேப்ப, சொல்லணும்னு காத்துக்கிட்டே வந்தேன். திருநள்ளாறு வந்துருச்சு."

பிறகு அவரே சொன்னார். அதன்பிறகு அவர் அந்தப் பசுவைத் தொடவில்லை. கறக்கிறது, குளிப்பாட்டுகிறது எல்லாம் அவருடைய அம்மா. இவர் புல் அறுத்துவந்து வாசலில் போட்டுவிட்டுப் போய்விடுவார். "நான் உள்ள போனா அது காது ரெண்டும் பின்னால போவும் தம்பி. மறக்கல அது. அதப் பாத்துதான் நான் செஞ்சது என்னன்னு எனக்கே புரிஞ்சிச்சு." அடிமாட்டு வியாபாரி மூன்று முறை வந்து கேட்டான், கொடுக்கவில்லை. கறவை நின்ற பிறகும் ஏழு வருடம் வைத்துச் சோறு போட்டார். செத்தபோது யாரையும் கூப்பிடாமல் வயல் மூலையில் தானே குழி வெட்டிப் புதைத்தார். "அதோட பால குடிக்கிற யோக்கியத எனக்கு இல்ல. அதான் விட்டேன். இத நீ எங்கயும் எழுதலியா?"

"இல்லண்ணே."

"அத எழுதாம வேற எதத் தம்பி படிச்சீங்க அங்க?"

செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

இந்தத் துறையில் இன்று வருகிறவர்கள் விலங்கின் பக்கம் நின்றும் பார்க்கிறார்கள். அது வேண்டாமென்று சொல்ல முடியாத உயிர், எனவே அதற்கு நேர்ந்தது தீங்கு என்று எழுதுகிறார்கள். நல்ல மாற்றம். அண்ணன் அதை ஒரு ஜோடிக் காதுகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தார், என் ஏட்டுக்குப் பத்து வருடம் முன்பே.

"நான் அன்னக்கி ஒங்களுக்குப் பதிலே சொல்லல" என்றேன். "சீக்கா, மருந்து இருக்கான்னு கேட்டீங்க."

"ஆமா. சொல்லவே இல்ல."

"சீக்கு இல்லண்ணே. தப்பு. தெரிஞ்சு நிறுத்திட்டீங்க, அதுக்கு வேண்டியதயும் செஞ்சீங்க. செல்விக்கு ஒன்னும் வராதுன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. நான் செஞ்சதும் தப்பு. மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

வெளியே உளுந்தில் குருவி இறங்கியது, செல்வி ஓட்டும் சத்தம் கேட்டது.

"இத அன்னக்கே சொல்லியிருந்தின்னா, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டு நிம்மதியா படுத்திருப்பேன்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. என் கையை எடுத்துத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். நான் கிளம்பும்வரை அது அங்கேதான் இருந்தது.

பஸ்வரைக்கும் செல்வி வந்தாள். கண்டக்டரிடம், "காரைக்கால்ல பாத்து எறக்கிவிடுங்கண்ணே, வெளியூர்க்காரரு" என்றாள். நான் மறுக்கவில்லை.

6

சம்மதமில்லை என்ற கட்டத்தில் குறியிட்டு அனுப்பினேன். காரணத்துக்கு விட்ட மூன்று வரியில், அந்த நான்கு பக்கங்களுக்கு உரியவரிடம் நான் அனுமதி வாங்கவில்லை, அதில் ஒரு உயிரை முழுவதுமாக விட்டுவிட்டேன் என்று எழுதினேன். நூலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, 'உயிர்' என்று நான் எழுதியிருப்பது யார், இணை ஆசிரியரா என்று கேட்டாள். பசு என்றேன். 'பிற காரணங்கள்' என்று பதிவதாகச் சொன்னாள். இணையத்தில் வராது. ஆனால் அச்சுப் பிரதியை அலமாரியிலிருந்து எடுக்க விதி இல்லையாம். நேரில் வந்து கேட்பவருக்குக் கொடுத்தாக வேண்டும். எழுதியதை எழுதாததாக்க எந்தப் படிவமும் இல்லை.

இந்தக் குறிப்புகளை எழுதலாமா என்று போலகத்துக்கு போன் செய்து கேட்டேன். "தமிழ்ல எழுதுறதுன்னா எழுது. செவலையப் பத்தி எழுது" என்றார் அண்ணன். செல்வி வாங்கி, "மொதல்ல எங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க. அப்பறம் பாக்கலாம்" என்றாள்.

சென்ற ஞாயிறு இங்கே காலை, அங்கே மத்தியானம், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். ஸ்பீக்கரில் போட்டு மூன்று பேரும் கேட்டார்கள், பேத்தியும் சேர்த்து. வெளியூர்க்காரர் என்ற இடத்தில் செல்வி சிரித்தாள். அண்ணன் இரண்டு இடத்தில் திரும்பப் படிக்கச் சொன்னார். முடிந்தபிறகு செல்வி, ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னாள். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களில் சிலவற்றையும் மாற்றச் சொன்னாள், ஊர்ப் பெயர் உட்பட எதுவாக இருந்தாலும் சரி, தெரிந்தவர் படித்தாலும் சந்தேகம் வரவேண்டும் என்றாள்.

எடுத்துவிட்டேன். மாற்றிவிட்டேன். எவை என்று சொல்லமாட்டேன்.